கிணற்றில் எத்தனை வளையம் தெரிகிறது

இன்று காலை கிணற்றை எட்டிப் பார்த்தேன். கிணற்றுச் சுவராக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்களில் ஒன்று முழுதாகவும் அடுத்ததில் பாதியும் தெரிந்தன, மிச்சமெல்லாம் தண்ணீர். முந்தாநாள் இரண்டு வளையம் தெரிந்தது. இராத்திரி பெய்த மழை அரை வளையத்தை விழுங்கிவிட்டது. அதனால் இன்று எங்கள் முற்றத்துப் புல்லில் ஒருவரும் கால் வைப்பதில்லை. பேத்தியிடம் சொல்லிவிட்டேன். பால் கொண்டுவரும் பொடியனிடமும் மதிலோரமாக வரச் சொல்லிவிட்டேன்.

எங்கள் வளவு மட்டக்களப்புக் கல்லடியில், வாவிப் பக்கம். மேற்கே ஐந்து நிமிடம் நடந்தால் வாவி, கிழக்கே கொஞ்சம் கூட நடந்தால் கடல். இரண்டுக்கும் நடுவே கிடக்கிற இந்த மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். ஆவணியில் கச்சான் காற்று அடித்து ஓய்கிற நேரம் எங்கள் கிணற்றில் ஆறு வளையம் தெரியும், வாளிக் கயிறு எட்டாமல் முடிச்சுப் போடுவோம். மார்கழியில் குனிந்து செம்பால் மொள்ளலாம். புல்லைப் பற்றி எழுத வந்தவள் கிணற்றைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்க வேண்டாம். பதினைந்து மாரி இந்தப் புல்லோடு கழித்திருக்கிறேன். மாரியில் புல்லுக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்பவர்களிடம், முதலில் உங்கள் கிணற்றைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. இந்த வீடு அவவுக்குச் சீதனமாக வந்து, அவவிடமிருந்து எனக்குச் சீதனமாக வந்தது. மட்டக்களப்பில் வீடு பெண்வழியாகத்தான் போகும். வீட்டோடு முற்றமும் வந்தது. வெள்ளை மணல் முற்றம். அம்மா விடிய நாலரைக்கு எழும்பி, தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் வளைவு வளைவாகக் கூட்டிக்கொண்டே பின்னுக்கு நடந்து வந்து படியேறுவா. கூட்டின மணலில் அவவின் காலடி ஒன்றும் இராது. அந்த வரிகளின் மேல் முதல் ஆளாக நடந்து பள்ளிக்குப் போவது சின்ன வயதில் எங்களுக்குப் பெரிய போட்டி. அந்த முற்றத்தில் ஒரு புல் தலைகாட்ட விடமாட்டா. "முத்தத்துல புல்லு மொளச்சா, இந்த வீட்டுல கூட்டுறத்துக்கு ஒரு பொம்புளப் புள்ள இல்லையாகா எண்டு ஊர் கேக்கும்" என்பா.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் எங்கள் வளவுக்குள் இடுப்பளவு வந்து போனது. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. செவ்வரத்தை, கறிவேப்பிலை, கிணற்றடி வாழை எல்லாம் உப்பில் கருகிப்போயின. அந்த மாரியின் மிச்ச மழை மணலைக் கழுவிக் கழுவி உப்பைக் கீழே இறக்கியது. மாசி பிறந்தபோது கிணற்றடியில் முதலில் பச்சை காட்டியது அறுகு. உப்பைத் தாங்குகிற புல் அது. மேலே இலை செத்தாலும் மண்ணுக்குள் ஓடுகிற தண்டில் உயிர் இருக்கும். முற்றத்தில் எது முளைத்தாலும் கிள்ளிவிடுகிற அம்மா அன்றைக்கு அந்த அறுகைக் கிள்ளவில்லை.

நிழல் மரங்கள் போன பிறகு முற்றம் கொதித்தது. ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மணல் சோற்றுக் கோப்பைக்குள் வந்து விழும், சீமெந்துத் தரையில் பாதம் வைக்க இயலாது. 2009 ஐப்பசியில் முதல் மழை விழுந்து மணல் குளிர்ந்ததும் கிணற்றடி அறுகைப் பிடுங்கி, மூன்று கணு விட்டு நறுக்கி, அரை அடிக்கு ஒன்றாக நட்டேன். நாற்பது அடி நீளம், இருபத்தைந்து அடி அகலம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தா: படிக்கு முன்னால் பத்தடி மணல் மணலாகவே கிடக்க வேண்டும். இன்றைக்கும் கிடக்கிறது.

ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி என்று மணமக்களை வாழ்த்துவார்கள். அந்த வேரோட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். தை முடிவதற்குள் திட்டுத் திட்டாகப் பிடித்து, சித்திரையில் மணலே தெரியாமல் மூடிவிட்டது.

பிறகு 2011 ஜனவரி வெள்ளம் வந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டும் தண்ணீரில் கிடந்த அந்த நாட்கள் இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் புல்லின் மேல் தண்ணீர் நாலு நாள் நின்றது. வடிந்தபோது புல் முழுக்க விரல்கணு அளவு கறுத்த வண்டல். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அப்பா வயல்காரர், வண்டல் விழுந்த வட்டையில் அடுத்த வேளாண்மை நன்றாக விளையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அது புல்லுக்கும் நல்லதுதான் என்று நினைத்தேன். போதாததற்கு, வெறும் மணலில் சத்தில்லை என்று சொல்லி அடுத்த வருஷம் ஒரு டிரக்டர் பெட்டி வயல் மண் இறக்கி மேலே பரப்பினேன்.

நான் இருபத்தெட்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள். மணலுக்கு மேல் களி படிந்தால் என்ன நடக்கும் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியிருக்கிறேன். களியின் துளைகள் மிகச் சிறியவை. தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கீழே இருக்கிற மணலுக்கு இலேசில் விடாது. மேலே சேறாகவும் கீழே உலர்ந்தும் கிடக்கும். என் சொந்த முற்றத்தில் அதுவே நடந்தபோது எனக்கு விளங்க ஒரு மாரி முழுக்கப் பிடித்தது. கார்த்திகையில் புல்லில் தண்ணீர் குளம்போல் நின்றது, ஆனால் கிணற்றில் நாலு வளையம் தெரிந்தது. அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது.

கிணற்றில் நாலு வளையம் தெரிகிறது என்றால் நிலத்துக்குக் கீழே தண்ணீருக்கு இடம் இருக்கிறது. இடம் இருந்தும் மேலே நிற்கிறது என்றால் அடைப்பு மேல்தோலில் இருக்கிறது. அதைத் திறக்கலாம். கிணற்றில் ஒரு வளையம்தான் தெரிகிறது என்றால் புல்லின் வேருக்குக் கீழேயும் அதே மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது. அப்போது எத்தனை துளை போட்டாலும் போக இடமில்லை. துளைக்குள்ளும் தண்ணீர் நிற்கும், நாம் மிதித்து மிதித்துப் புல்லைக் கெடுத்ததுதான் மிச்சம். அந்த நாட்களில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, புல்லை விட்டு விலகி நிற்பது. முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட்டார்கள் என்று கேள்விப்பட்டால், எங்கள் கிணறும் சில நாளில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து, கிணற்றில் தண்ணீர் மூன்று வளையம் தெரியும் அளவுக்கு இறங்கிய பிறகு, நானும் அவரும் அலவாங்கு எடுத்தோம். அரை அடிக்கு ஒரு குத்து, ஒரு சாண் ஆழம். குத்தின துளை ஒவ்வொன்றிலும் கையால் காய்ந்த மணல் நிரப்பினோம். நாலு பின்னேரம் எடுத்தது, என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. அதன் பிறகு மாசி தோறும் எங்கள் வளவு மணலையே அரித்து, கால் அங்குலம் தூவி, அம்மாவின் விளக்குமாற்றால் புல்லுக்கு இடையில் இறங்கும்படி கூட்டிவிடுகிறேன். களித்தோல் மறைய மூன்று வருஷம் ஆனது. புல்லுக்கு மண் போடுங்கள் என்று யாராவது சொன்னால், கீழே என்ன மண் இருக்கிறதோ அதையே போடுங்கள். செம்மண்ணும் வேண்டாம், வயல் மண்ணும் வேண்டாம். வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டினால் காய்ந்து ஓடாகும் முன், ஈரம் இருக்கும்போதே தும்புத்தடியால் தள்ளி வாரி எடுத்து மரங்களின் அடியில் போட்டுவிடுங்கள். மரங்களுக்கு அது பசளை.

மாரித் தண்ணீர் ஒரு வளவோடு முடிகிற விஷயம் இல்லை என்பதையும் இந்தப் புல்தான் எனக்குக் காட்டியது. சில வருஷத்துக்கு முன் அயல் வளவில் புது வீடு கட்டினார்கள். கிறவல் போட்டு நிலத்தை இரண்டு அடிக்கு மேல் உயர்த்தி, சுற்றி மதில் எழுப்பி, முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தார்கள். முன்பெல்லாம் அந்த வளவின் மழை அந்த வளவு மணலுக்குள்தான் இறங்கும். இப்போது இறங்க மண்ணே இல்லாமல் மதில் துவாரங்கள் வழியே எங்கள் பக்கம் கொட்டியது. தெற்கு மூலையில் ஆறடி அகலத்துக்குப் புல் அழுகிக் கறுத்தது.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர்களும் 2011 வெள்ளத்தில் கட்டிலோடு நனைந்தவர்கள். அதனால்தான் உயர்த்தினார்கள். அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம் படித்தவள். ஒரு பின்னேரம் வந்து அந்த அழுகின மூலையை என்னோடு நின்று பார்த்தா. "டீச்சர், இந்தப் பக்கம் இப்படி இறங்குதெண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்றா. அந்த ஐப்பசிக்கு முன்னம் இரு வீட்டாரும் சேர்ந்து மதில் நெடுக ஒரு கான் வெட்டி, சல்லிக்கல் போட்டு, துளையிட்ட குழாய் தாழ்த்தி, ஒழுங்கைக் கானோடு இணைத்தோம். செலவு பாதிப் பாதி. எங்கள் கூரைப் பீலித் தண்ணீரையும் அதற்குள்ளேயே விட்டேன். அதுவரை பீலி கொட்டுகிற இடத்தில் மழை ஒரு குழி பறித்து வைத்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இப்போது மண் தெரிகிற முற்றம் நாலோ ஐந்தோதான். கல் பதித்தால் சேறு இல்லை, கூட்டச் சுகம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஐப்பசி தொடக்கம் தை வரை இந்த ஊரில் விழுகிற மழை எங்காவது இறங்க வேண்டும். மணல் முற்றமோ புல் முற்றமோ, தண்ணீரைக் குடிக்கிற ஒரு முற்றம் ஒவ்வொரு வளவிலும் இருந்தால் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்காது, சித்திரையில் கிணறும் வற்றாது. கல் பதிக்கத்தான் வேண்டும் என்றால் வாகனம் நிற்கிற இடத்துக்கு மட்டும் பதியுங்கள்.

வெட்டுவதைப் பற்றி. மாரி தொடங்கு முன், புரட்டாசிக் கடைசியில் ஒரு தரம் ஒழுங்காக வெட்டிவிடுவேன். அதன் பிறகு புல் உயரமாகவே நிற்கட்டும் என்று விடுவேன், இரண்டு அங்குலம் வரைக்கும். வானம் மூடிக் கிடக்கிற நாட்களில் அறுகுக்குச் சாப்பாடு குறைவு. வெயிலை நம்பி வாழ்கிற புல், நிழல் ஆகாது. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க அதற்கு இலை வேண்டும். ஒட்ட வெட்டினால் அந்த இலையும் போய்விடும். மழை இடைவெளி விட்டு நாலைந்து நாள் வெயில் எறித்தால், நுனியை மட்டும் எடுப்பேன். எவ்வளவு நீளமானாலும் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. ஈரப்புல்லில் மெசின் ஓட்டினால் அறுபடாது, கிழிபடும். கிழிந்த நுனி மஞ்சளாகி அதில் பூஞ்சணம் ஏறும். அவசரம் என்றால் அப்பாவின் தாக்கத்தி இருக்கிறது, ஓரங்களை அதால் அரிந்துவிடுவேன்.

கார்த்திகையில் புல் வெளிறும். அதைப் பார்த்ததும் யூரியா எறிய எல்லோருக்கும் கை வரும். வேண்டாம். அது பசியில் வந்த மஞ்சள் இல்லை, மூச்சு முட்டின மஞ்சள். வேருக்கும் காற்று வேண்டும். மணலின் துளைகளில் காற்று இருக்கிற இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துவிட்டால் வேரால் சத்தை உறிஞ்ச இயலாது, போட்டதும் பயன்படாது. பயன்படாத யூரியா மணலுக்குள் நைத்திரேற்றாக மாறி மழையோடு கீழே போகும். கீழே இருப்பது நாம் குடிக்கிற கிணறு. ஒரு வளையம் தெரிகிற காலத்தில் முற்றத்தில் எறிகிற உரத்துக்கும் குடத்துக்கும் இடையில் தூரமே இல்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து வயல்காரர் பட்ட பாடு எங்கள் குடும்பத்திலும் உண்டு, அது வேறு கதை. ஆனால் இந்த முற்றம் அதற்கு முன்பும் பின்பும் மக்கிய மாட்டெருவும் குப்பைப் பசளையும்தான் தின்றது. அதுவும் மாசியில், மழை ஓய்ந்து புல் எழும்புகிற நேரத்தில். மாரி நடுவில் ஒன்றும் கொடுப்பதில்லை.

தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். ஸ்காபரோவில் அவன் வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் புல். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இரண்டு பேரும் மாரி என்றுதான் சொல்வோம், ஆனால் அவனுடைய மாரி வேறு, என்னுடையது வேறு. டிசம்பர் 21 அளவில் அவனுக்குப் பகல் 9 மணித்தியாலம்கூட வராது. எங்களுக்கு அந்த நாளிலும் 11 மணித்தியாலத்துக்கு மேல். எங்கள் குளிர் இராத்திரியில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அவன் புல் பனிக்குள் நித்திரை. என் புல் விழித்துக்கொண்டே நனைகிறது. அறுகை அங்கே கொண்டுபோய் நட்டால் மண் 10 பாகைக்குக் கீழே போனதும் பழுப்பாகிப் படுத்துவிடும். அவனிடம் இருப்பது கென்டக்கி புளூகிராஸ், குளிர்நாட்டுப் புல்.

அங்கே மாரி வேலை முழுக்க மாரிக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்கிறான். ஒக்டோபர், நவம்பரில் மேப்பிள் இலைகளை வாரி எடுக்காவிட்டால் பனி அதை ஒரு பாய்போல அமுக்கிவிடும், அதற்குக் கீழே பூஞ்சணம் பிடிக்கும். ஏப்ரலில் பனி உருகும்போது புல்லில் வட்டம் வட்டமாக வெளிறின திட்டுகள் கிடக்குமாம். கடைசி வெட்டைச் சற்று ஒட்ட வெட்டுவானாம், நீளப்புல் பனிக்குள் மடிந்து கிடந்து அழுகாமல் இருக்க. நான் நீளமாக விடுகிற காலத்தில் அவன் ஒட்ட வெட்டுகிறான். நடைபாதையில் உறைபனி கரைய உப்பு எறிவார்கள், அது ஓரப் புல்லைக் கருக்கிவிடும், வசந்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுவானாம். அதை அவன் சொன்னபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2005 மாசியில் அவன் இங்கே வந்து நின்றவன், கிணற்றடி அறுகை அவனும் பார்த்தவன்.

ஒன்றில் இரண்டு மாரியும் ஒத்துப்போகிறது. "அக்கா, உறைஞ்ச புல்லுல நடக்கப்படா, இலை கண்ணாடி மாதிரி உடையும்" என்றான். இலைக்குள் இருக்கிற நீர் பனிக்கட்டியாகி நிற்கும்போது மிதித்தால் கலங்கள் கிழியும். பிறகு அந்தக் காலடி பழுப்பாகத் தெரியும். இங்கே இலைக்கு ஒன்றும் ஆகாது, கீழே மண்தான் அமுங்கும். அமுங்கின தடத்தில் அடுத்த மழை நிற்கும், அதில் பாசி பிடிக்கும், பாசி பிடித்த இடத்தில் அறுகு வராது.

ஆனால் மாரியில்தான் எங்கள் புல்லுக்கு ஆள் வரவும் அதிகம். பிள்ளையார் பெருங்கதை விரதம் கார்த்திகைப் பூரணை கழிந்து தொடங்கி மார்கழி வரைக்கும் 21 நாள். அந்த நாட்களில் அறுகு கேட்டு ஒழுங்கைப் பிள்ளைகள் கூடையோடு வருவார்கள். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையாருக்குப் போகிற அறுகு அது. அதனால் படலையை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்கு ஒரு பாத்தி உயர்த்தி, அறுகை வெட்டாமல் நீளமாக விட்டு வைத்திருக்கிறேன். வெளியில் நின்றே கிள்ளலாம். அப்படியும் உள்ளே இறங்கி வருகிற சின்னஞ்சிறுசுகளுக்காகப் பழைய பலகை இரண்டு போட்டிருக்கிறேன். பலகையில் கால் வைத்தால் பாரம் பரவிப்போகும்.

வாகனத்துக்குப் பலகை போட இயலாது. போன டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களை ஏற்றி இறக்க வந்த வேன் பின்னுக்கு எடுக்கும்போது புல்லில் ஏறிவிட்டது. இரண்டு தடம், ஒரு சாண் ஆழம், அதில் தண்ணீர். எனக்கு நெஞ்சு பதறியது, ஆனால் பிள்ளைகள் பத்து வருஷத்துக்குப் பிறகு வந்திருக்கிறார்கள், ஒன்றும் சொல்லவில்லை. தடத்தை மேலிருந்து மணல் கொட்டி நிரப்பினால் கீழே புதைந்த புல் மூச்சு முட்டிச் சாகும். கிணறு இறங்கும் வரை பொறுத்திருந்து, தடத்தின் ஓரத்தில் அலவாங்கைச் சரித்து இறக்கி, புல்லோடு சேர்த்துக் கீழிருந்து நெம்பி உயர்த்தி, கீழே மணல் தள்ளினேன். பங்குனியில் தடம் இருந்த அடையாளமே இல்லை.

இலைகளை வாரித்தான் ஆக வேண்டும். எங்கள் மாமரம் மாரிக் காற்றில் கொட்டுகிற இலை ஒன்றோடொன்று ஒட்டிப் புல்லின் மேல் கிடந்தால் இரண்டே நாளில் கீழே வெள்ளைப் பூஞ்சணம். ஆனால் வாரின இலையை எரிப்பதில்லை. மாமரத்தடியில் குவித்துவிடுவேன். அந்தக் குவியலைத் தேடி ஒவ்வொரு மாரியும் ஓர் ஆறுமணிக்குருவி வருகிறது. வடக்கே இமயமலை அடிவாரம் வரை வாழ்கிற பறவை, மாரிக்கு இங்கே இறங்கும். விடியலிலும் செக்கலிலும் இரண்டு தரம் விசில் அடிப்பதுபோல் கூப்பிடும். பச்சை முதுகும் நீலத் திட்டும் வால் கீழே சிவப்புமாக, இலையைக் கிண்டிக் கிண்டிப் புழு பொறுக்கும். முழுதும் கூட்டித் துடைத்த வளவுக்கு அது வராது. அதே குவியலை நான் தடியால் தட்டிப் பார்த்துத்தான் கிட்டப் போவேன், ஈரத்தில் புடையன் பாம்பு படுக்கும். சிரட்டை, இளநீர்க் கோம்பை ஒன்றும் புல்லுக்குள் கிடக்க விடுவதில்லை. நுளம்பு பெருகுகிற காலம், டெங்கு எங்கள் ஒழுங்கையிலும் வந்து போனது.

கோரையைப் பிடுங்க மாரியை விட்டால் வேறு காலம் இல்லை. கோடையில் இழுத்தால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளே நிற்கும், ஒன்று அறுந்தால் பக்கத்துக் கிழங்குகள் முளைக்கும். நனைந்த மணலில் கத்தியை ஓரமாக விட்டு நெம்பினால் கிழங்குச் சரடு முழுதாக வரும். பலகையில் குந்தி இருந்து தினம் ஒரு பத்து எடுப்பேன். கானோரம் தானாகப் படர்ந்த வல்லாரையை விட்டுவைத்திருக்கிறேன். மருந்து ஒன்றும் அடிக்காத முற்றம் என்பதால் பயமில்லாமல் சம்பல் போடலாம்.

தைப்பொங்கலுக்கு அடுப்பு அம்மாவின் மணலில்தான். முதல் வருஷம் இடம் போதவில்லை என்று புல்லில் கல் வைத்து, வெந்து போன வட்டம் ஆனி வரை ஆறவில்லை. அம்மா அந்தப் பத்தடியை ஏன் கேட்டா என்று அன்றைக்கு விளங்கியது.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். போன தையில் பொங்கல் கழிந்து பத்தாம் நாள், கிணற்றில் மூன்று வளையம் தெரிந்தது. விடிய வெளியே வந்தேன். புல் முழுக்கப் பனித்துளி. அம்மா எனக்கு முன்னமே எழும்பி, கடைசிப் படியில் இருந்து, அப்பாவின் தாக்கத்தியால் மணலுக்குள் ஓடி வந்த அறுகுத் தண்டுகளை ஒவ்வொன்றாக அரிந்துகொண்டிருந்தா. மாரி முழுக்கப் புல் அவவின் எல்லைக்குள் அரை அடி வந்துவிட்டிருந்தது. அரிந்ததை எறியவில்லை, மடியில் சேர்த்து வைத்திருந்தா.

"இந்தா மனே, தெக்கு மூலைல புல்லு இன்னும் வரல்ல. இதக் கொண்டுபோய் நடு" என்றா.

ஒவ்வொரு துண்டிலும் எண்ணி மூன்று கணு விட்டிருந்தா.